நம் காலடி மண்ணும் அதன் கணக்கும்

(தோட்டக் கிளையின் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் ஒரு கிராணியார் ஆற்றிய உரை)



சம்பளமும் போனசும் வீட்டு வசதியும் பேசுவதற்கென்று கூடும் இந்த மன்றத்தில், மண்ணைப் பற்றிப் பேச அரை மணி நேரம் வேண்டுமென்று நான் கேட்டேன். நம் செயலாளர் சிரித்துவிட்டு, "கிராணியாரே, மண் என்ன சந்தா கட்டுகிறதா?" என்றார். மண் சந்தா கட்டுவதில்லைதான். ஆனால் தராசில் நிற்கும் ஒவ்வொரு கிலோ பாலும், லாரியில் ஏறும் ஒவ்வொரு குலையும் அதிலிருந்து எழுந்து வந்தவை. கிலோ கணக்கில் கூலி வாங்குகிற நாம் மண்ணின் சங்கதியைப் பிறர் சங்கதி என்று விட்டுவிட முடியாது.

இன்னொரு காரணமும் உண்டு. நம் தோட்டத்தில் 1998-ஆம் ஆண்டு நட்ட ரப்பர்ப் பகுதி மறுநடவுக்கு வந்துவிட்டது. மரங்களைச் சாய்த்த பிறகு அந்த நிலம் வெறுமையாய்க் கிடக்குமா, கொடி மூடிக் கிடக்குமா, அங்கே மருந்தடிப்பு வேலையை எப்படி அளப்பார்கள், எந்த வேலைக்கு என்ன கூலி என்பதெல்லாம் இன்னும் சில வாரங்களில் அலுவலகத்தில் முடிவாகும். முடிவான பிறகு புகார் எழுதுவதைவிட, முடிவாகும் முன்னரே விஷயம் அறிந்து பேசுவது மேல். அதற்காகவே இங்கு நிற்கிறேன்.

முதலில் மண்ணுக்குள் என்ன நடக்கிறது என்று பார்ப்போம். தோட்டத்தின் எல்லையில் மிஞ்சியிருக்கும் காட்டோரத்துக்குப் போய் மண்வெட்டியால் ஓர் அடி ஆழம் தோண்டுங்கள். மேலே காய்ந்த இலை. அதன் கீழே பாதி மக்கிய இலை. அதன் கீழே கைவிரல் நீளத்துக்குக் கறுத்த மண். அதற்கும் கீழே செம்மஞ்சள் மண். அந்தக் கறுத்த மண்ணை ஒரு பிடி எடுத்து முகர்ந்தால், முதல் மழை விழுந்த மாலையில் வருமே, அந்த வாசனை வரும். அது வெறும் மண்ணின் வாசனை அல்ல. மண்ணுக்குள் வாழும் ஒருவகை நுண்ணுயிர்கள் உண்டாக்கும் வாசனை அது.

மண்ணைக் கறுப்பாக்குவது கரிச்சத்து. மரம் காற்றிலுள்ள கரியமில வாயுவை இலையால் வாங்கி, வெயிலின் துணையோடு சர்க்கரையாக்கித் தன் உடம்பை வளர்க்கிறது. அதில் ஒரு பங்கு உதிர்ந்த இலையாகவும், அறுந்த வேராகவும், வேர் கசியும் நீராகவும் மண்ணுக்குப் போகிறது. அதை உண்டு வாழ்கிறவை பாக்டீரியாக்களும் பூசணங்களும். ஒரு தேக்கரண்டி நல்ல மண்ணில் அவை கோடிக்கணக்கில் உண்டு. உண்டதில் பெரும்பகுதியை அவை மூச்சாக வெளிவிட, அது மறுபடியும் கரியமில வாயுவாகக் காற்றில் கலக்கிறது. மிச்சம் அவற்றின் உடலாகிறது. அவை மடிந்த பின் அந்த உடல்கள் களிமண் துகள்களோடு ஒட்டிக்கொண்டு பல ஆண்டுகள் மண்ணில் தங்குகின்றன. நாம் கறுத்த மண் என்று சொல்வதில் கணிசமான பங்கு, இப்படி உழைத்து மடிந்த நுண்ணுயிர்களின் உடல்களே. தண்டவாளம் போட்டவர்களையும் காடு வெட்டியவர்களையும் பற்றி நம் பாட்டன்மார் சொன்ன கதைகள் உங்களில் சிலருக்கு நினைவு வரலாம்.

இந்தக் கரிச்சத்தால் நமக்கு என்ன லாபம்? நம் நாட்டு மேட்டு மண், அதாவது ஜொகூர் முதல் பேராக் வரை ரப்பர் ஏறிய ரெங்கம் மண்ணும் செர்டாங் மண்ணும், பல்லாயிரம் ஆண்டு மழையில் சத்தெல்லாம் கரைந்து போன பழைய மண். அதன் களிமண்ணுக்கு உரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும் வலிமை குறைவு. பிடித்து வைப்பது பெரும்பாலும் அந்தக் கறுத்த மேல்மண்தான். மழைநீரைப் பஞ்சுபோல் வாங்கிக்கொள்வதும், துகள்களைக் கட்டியாகச் சேர்த்து மண் கரைந்தோடாமல் காப்பதும் அதுவே. அது போய்விட்டால், மூட்டை மூட்டையாகக் கொட்டும் உரத்தில் பெரும்பங்கு அடுத்த மழையோடு கால்வாயில் இறங்கிவிடும். உர மூட்டை சுமப்பவர்களுக்கு அதன் பாரம் தெரியும்.

நம் நாட்டு வெப்பத்தில் இந்தச் செல்வம் கரைவதும் வேகமாக நடக்கும். குளிர்நாடுகளில் மெதுவாக மக்குவது இங்கே மாதக்கணக்கில் மக்கி முடிகிறது. நுண்ணுயிர்களுக்கு ஆண்டு முழுவதும் சூடும் ஈரமும் இருக்கிறது. அவற்றுக்கு விடுமுறையே இல்லை. ஆகவே இங்கே மண்ணின் கரிச்சத்து என்பது வங்கியில் போட்டு மறந்துவிடும் பணம் போன்றதல்ல. நாளுக்கு நாள் அரிசி வாங்கிப் போட வேண்டிய வீடு போன்றது. இலையும் வேரும் வந்துகொண்டிருக்கும் வரை பானை நிறைந்திருக்கும். வரத்து நின்றால் சில ஆண்டுகளில் பானை காலி.

அந்த வரத்தை நிறுத்தியவர்கள் யார்? இங்கேதான் நம்முடைய சரித்திரம் வருகிறது.

1877-இல் ரப்பர்க் கன்றுகள் சிங்கப்பூருக்கு வந்தன. 1896-இல் மலாக்காவில் டான் சே யான் வியாபாரத்துக்காக ரப்பர் நட்டார். அதற்குப் பிறகு இருபது முப்பது ஆண்டுகளுக்குள் தீபகற்பத்தின் மேற்குக் கரை முழுவதும் பெருங்காடு எரிந்து ரப்பர் எழுந்தது. அந்தக் காலத் தோட்டங்களில் ஒரு விதி இருந்தது: மரத்தைத் தவிர ஒரு புல்லும் தரையில் நிற்கக் கூடாது. லாலாங் புல் பரவிவிடும் என்ற பயம் ஒரு பக்கம். வேர்நோய் வரும் என்ற பயம் மறுபக்கம். களை மரத்தின் உணவைத் திருடுகிறது என்ற நம்பிக்கை வேறு. இவற்றோடு, துரை பார்வையிட வரும்போது தரை துடைத்த கூடம்போல் இருக்க வேண்டும் என்ற ஆசையும் இருந்தது என்று நான் சொன்னால் மிகையாகாது. அந்தத் துடைப்புக்கு ஏவப்பட்டவர்கள் நம் முன்னோர். தமிழகத்துக் கிராமங்களிலிருந்து கப்பலேறி வந்த ஆண்களும் பெண்களும் குனிந்து குனிந்து, மாதத்துக்கு ஒருமுறை அதே மலைச்சரிவைச் சுரண்டினார்கள்.

ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கும் மேல் மழை கொட்டும் நாட்டில், சரிவான நிலத்தை மொட்டையடித்தால் என்ன நடக்கும்? பெருங்காடு பல தலைமுறைகளாகச் சேர்த்து வைத்த கறுத்த மண் ஆற்றோடு போயிற்று. ஒரு எக்டேர் நிலத்தில் ஒரே ஒரு மில்லிமீட்டர் மண் கரைந்தால் அது ஏறத்தாழ 12 டன். ஒரு மில்லிமீட்டர் என்பது ஒரு நாணயத்தின் கனம்கூட இல்லை, கண்ணுக்குத் தெரியாது. பழைய ரப்பர் மரங்களின் அடியில் வேர்கள் தரைக்கு மேல் எலும்புபோல் எழுந்து நிற்பதைப் பார்த்திருப்பீர்களே, அது வேர் மேலே வந்ததல்ல. மண் கீழே போனது.

அதே காலத்தில் மலாய்க் கம்பங்களில் சிறு ரப்பர்த் தோட்டக்காரர்கள் இருந்தார்கள். அவர்களுக்குச் சுரண்ட ஆளும் இல்லை, பணமும் இல்லை. அவர்களுடைய ரப்பர், செடியும் புதருமாகக் கிடந்தது. பெருந்தோட்டக்காரர்கள் அதைச் சோம்பேறித் தோட்டம் என்று இகழ்ந்தார்கள். ஆனால் அங்கே மரம் செழிப்பாகத்தான் நின்றது. 1930-களின் தொடக்கத்தில் ரப்பர் விலை விழுந்து, நம்மவர் ஆயிரக்கணக்கில் கப்பலேற்றித் திருப்பி அனுப்பப்பட்ட நாள்களில், களையெடுப்புச் செலவு பெருந்தோட்டங்களுக்கும் பாரமாயிற்று. விஞ்ஞானமும் அதே பக்கம் திரும்பிற்று. 1925-இல் தொடங்கப்பட்ட மலாயா ரப்பர் ஆராய்ச்சிக் கழகத்தைச் சேர்ந்த ஹெயின்ஸ் என்ற மண் விஞ்ஞானி, இயற்கையாக முளைக்கும் செடிகொடிகளை முற்றாக அழிக்காமல், தீயவற்றை மட்டும் நீக்கி மற்றவற்றை அடக்கி வைத்துப் பயன்படுத்துவது எப்படி என்று 1934-இல் ஒரு கைந்நூலே வெளியிட்டார். கம்பத்துக்காரர் பணமில்லாமல் செய்ததை ஆராய்ச்சிக் கழகம் முறையாகச் செய்யச் சொல்லிற்று. அதற்குள் மலையின் மண் ஆற்றின் அடியில் படிந்து முடிந்திருந்தது.

பழைய கதை இருக்கட்டும். இன்றைய அளவைகள் என்ன சொல்கின்றன?

சுமத்ராவின் ஜாம்பி மாநிலத்தில், ஜெர்மன் நாட்டு கொட்டிங்கன் பல்கலைக்கழகமும் இந்தோனேசியப் பல்கலைக்கழகங்களும் சேர்ந்து பல ஆண்டுகள் ஒரு பெரிய ஆராய்ச்சி நடத்தின. மலாக்கா நீரிணைக்கு அக்கரைதான் சுமத்ரா. மழையும் வெயிலும் ஏறத்தாழ நமக்குள்ளவையே. மண்ணும் நம் மேட்டு மண்ணைப் போலக் கரைந்து பழுத்த மண். காடு, காட்டு மரங்களோடு கலந்து வளரும் பழைய பாணி ரப்பர், தனி ரப்பர், செம்பனை என்று நான்கு வகை நிலத்தையும் அருகருகே வைத்து அளந்தார்கள். 2015-இல் வெளிவந்த முடிவு இது: கறுத்த மேல்மண் அடுக்கில் கரிச்சத்தின் அளவு, காட்டோடு ஒப்பிட்டால், செம்பனையில் 70 விழுக்காடு வரையும், தனி ரப்பரில் 62 விழுக்காடு வரையும் குறைந்திருந்தது. மரக்கலப்பு ரப்பரில் 41 விழுக்காடு. மக்கிப் போனது மட்டும் காரணமல்ல, அரித்துப் போனதும் பெருங்காரணம் என்று கண்டு, அரிப்பையும் மதிப்பிட்டார்கள். தனி ரப்பரில் சுமார் 33 சென்டிமீட்டர், செம்பனையில் சுமார் 35 சென்டிமீட்டர். ஓர் அடிக்கும் மேலே, தோழர்களே! அதே 2015-இல் இந்தோனேசியா, கமரூன், பெரு ஆகிய மூன்று நாடுகளில் செய்த மற்றோர் ஆய்வு, காட்டை அழித்து ரப்பரோ செம்பனையோ கொக்கோவோ நட்ட இடங்களில் மண்ணின் கரிச்சத்து பாதி வரை போய்விடுகிறது என்று சொல்லிற்று. முதலில் யாருக்கு அதிகம் இருந்ததோ அந்த மண்தான் அதிகம் இழந்தது.

இங்கே படித்த பிள்ளைகள் ஒரு கேள்வி கேட்கலாம். சபாவில் செம்பனை மண்ணிலுள்ள பாக்டீரியா வகைகளை எண்ணிப் பார்த்து 2013-இல் வெளியிட்டார்களே, காட்டைவிட வகைகள் குறையவில்லை என்றுதானே வந்தது, பிறகு என்ன கவலை என்று. நியாயமான கேள்வி. வகைகள் குறையவில்லை, ஆனால் இருந்தவை வேறு வகைகள். மேலும், வகைகளை எண்ணுவது ஒன்று, வேலையை அளப்பது வேறொன்று. நான் செக்ரோல் எழுதுகிறவன். செக்ரோலில் நூறு பெயர் இருக்கலாம். காலைப் பிரட்டுக்கு எத்தனை பேர் வந்தார்கள், எத்தனை கிலோ கொண்டு வந்தார்கள் என்பதுதான் கணக்கு. உண்ண இலை இல்லாத மண்ணில் நுண்ணுயிர்கள் பெயருக்கு இருக்கும்; பெரும்பாலானவை பட்டினியில் உறங்கும். காட்டு மரங்களின் வேரைச் சுற்றி உறைபோல் வாழ்ந்து உணவு ஊட்டும் பூசணங்களோ, மெராந்தி போன்ற அந்த மரங்கள் போனதும் தாமும் போய்விடுகின்றன. ரப்பருக்கும் செம்பனைக்கும் வேறு வகைப் பூசணம் வேரின் உள்ளே புகுந்து வாழ்கிறது. தொலைவிலுள்ள மணிச்சத்தை எடுத்து வந்து மரத்துக்குக் கொடுத்து, சர்க்கரையைக் கூலியாக வாங்கிக்கொள்கிறது. அங்கே கூலிப் பேச்சு எப்படி நடக்கிறதோ தெரியவில்லை, வேலைநிறுத்தம் நடந்ததாகக் கேள்விப்படவில்லை.

காடாகவே விட்டுவிடு என்று நான் சொல்ல வரவில்லை. நாம் தோட்டத்தில் பிழைக்கிறவர்கள். தோட்டமாக இருந்துகொண்டே மண்ணின் வரத்தை எவ்வளவு காக்கலாம் என்பதே நம் பேச்சு. அதற்கு இந்த நாட்டிலேயே சோதித்துத் தேர்ந்த வழி உண்டு. அதுதான் கொடிப்பயிர்.

புவேரேரியா, சென்ட்ரோசீமா, கலப்போகோனியம் என்ற பெயர்கள் பழைய ஆள்களுக்குத் தெரியும். 1990-களில் இந்திய ரப்பர்ப் பகுதியிலிருந்து வந்த முக்குனா இப்போது பரவலாக நடப்படுகிறது. இவையெல்லாம் அவரைக் குடும்பம். மெதுவாக ஒரு கொடியைப் பிடுங்கி வேரைப் பாருங்கள். கடுகு முதல் மிளகு வரை பருமனில் முடிச்சுகள் இருக்கும். ஒன்றை நகத்தால் கிள்ளிப் பாருங்கள். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் அங்கே பாக்டீரியாக்கள் வேலையில் இருக்கின்றன. காற்றிலுள்ள தழைச்சத்தைப் பிடித்துச் செடிக்குக் கொடுக்கின்றன. பச்சையாகவோ பழுப்பாகவோ இருந்தால் வேலை நின்றுவிட்டது. மலாயாப் பல்கலைக்கழகத்தில் அகமுத்துவும் பிரௌட்டனும் 1985-இல் வெளியிட்ட ஆய்வின்படி, இளஞ்செம்பனைக்கு இடையே வளரும் இத்தகைய கொடிகள் எக்டேருக்கு ஆண்டுக்குச் சுமார் 150 கிலோ தழைச்சத்தை நிலைப்படுத்துகின்றன. யூரியாவில் தழைச்சத்து 46 விழுக்காடு. அப்படியானால் 150 கிலோ என்பது 50 கிலோ மூட்டையில் ஆறரை மூட்டை. யாரும் சுமக்காமல், லாரி வராமல், எக்டேருக்கு எக்டேர் வந்து இறங்கும் ஆறரை மூட்டை!

மரம் வளர்ந்து நிழல் மூடும் ஐந்தாம், ஆறாம் ஆண்டில் கொடி தானே மடிந்து மக்கி, சேர்த்து வைத்ததை மண்ணுக்கு விட்டுவிடுகிறது. கொடி மூடிய நிலத்தில் ரப்பர்க் கன்று விரைவாகப் பருத்து, சில மாதங்கள் முன்னதாகவே வெட்டுக்கு வருகிறது என்பதும் ஆராய்ச்சிக் கழகம் பலமுறை கண்டது. இது முதலாளிக்கு மட்டும் உள்ள லாபம் என்று எண்ணாதீர்கள். மறுநடவுப் பகுதி வெட்டுக்கு வரும் வரை அங்கிருந்த நிரைகள் இல்லை. வெட்டுக்காரர்கள் வேறு வேலைக்கு விரட்டப்படுகிறார்கள், அல்லது வேறு தோட்டம் தேடுகிறார்கள். ஆறு மாதம் முன்னதாக மரம் வெட்டுக்கு வந்தால் ஆறு மாதம் முன்னதாக நிரை உண்டு.

வேர்நோய்ப் பயத்துக்கும் பதில் இங்கே இருக்கிறது. வெள்ளை வேர்நோய்ப் பூசணம், வெட்டிய மரத்தின் கட்டையைத் தின்று அதிலிருந்து பக்கத்துக் கன்றின் வேருக்குத் தாவுகிறது. தரையைச் சுத்தமாக வைத்தால் நோய் வராது என்று எண்ணினார்கள். கட்டை மண்ணுக்குள் கிடக்கும் வரை அது வீண். 1960-களில் ஆராய்ச்சிக் கழகம் கண்டது என்னவென்றால், கொடி மூடி ஈரமாக இருக்கும் நிலத்தில் கட்டைகள் வேகமாக மக்கிவிடுகின்றன. முதலில் பூசணம் சற்றுப் பரவினாலும், தீனி தீர்ந்து, மற்ற நுண்ணுயிர்களின் போட்டியும் கூடி, சில ஆண்டுகளில் அடங்கிவிடுகிறது. எந்தப் பயத்துக்காக நம் பாட்டிமார் மலையைச் சுரண்டினார்களோ, அந்தப் பயத்துக்கே சுரண்டாமல் விடுவது மருந்தாயிற்று.

இனி செம்பனைப் பக்கம். அறுவடைத் தோழர்களுக்குத் தெரியும், ஒரே நிலத்தில் மூன்று நிலம் இருக்கிறது. மரத்தைச் சுற்றி மருந்தடித்த வட்டம். குலை எடுத்துச் செல்லும் பாதை, இது கையால் தட்டினாலும் உள்ளே போகாத அளவுக்கு இறுகியது. மூன்றாவது, வெட்டிய மட்டைகளை அடுக்கும் வரிசை. அந்த மட்டைக் குவியலைப் புரட்டினால் மண்புழுவும் கறையானும் வெள்ளை நூல்போன்ற பூசணமும் இருக்கும்; மண் கறுத்து இளகியிருக்கும். பக்கத்திலேயே மூன்று அடி தள்ளி வட்டத்துக்குள் மண் செங்கல். ஒரே மரம், ஒரே மழை. வித்தியாசம் உணவு விழுகிறதா இல்லையா என்பதே. மட்டையைப் பரத்தி அடுக்குவதும், ஆலையிலிருந்து வெறுங்குலைகளைத் திரும்பக் கொண்டு வந்து போடுவதும் மண்ணுக்குச் சோறு போடும் வேலை. 1989-இல் தொடங்கிய எரிக்காத மறுநடவு முறையும் அப்படியே. பழைய மரத்தை எரித்துச் சாம்பலாக்குவதற்குப் பதில் நறுக்கி நிலத்திலேயே மக்க விடுகிறார்கள்.

சதுப்பு நிலத்துத் தோட்டங்களைப் பற்றி ஒரு வார்த்தை மட்டும். மலாயில் தானா கம்புட் என்று சொல்லும் அந்த நிலத்தில், ஆயிரக்கணக்கான ஆண்டுகள் நீருக்குள் மக்காமல் கிடந்த மரமும் இலையுமே மண். நீரை வடித்தால் காற்றுப் புகும், காற்றுப் புகுந்தால் நுண்ணுயிர் தின்னத் தொடங்கும், நிலமே இறங்கும். மேற்கு ஜொகூரில் பழைய வடிகால் நிலங்கள் ஆண்டுக்கு ஏறத்தாழ 2 சென்டிமீட்டர் இறங்கியதாக 1997-இல் எழுதினார்கள். அங்கே நுண்ணுயிரின் சுறுசுறுப்பு நன்மையல்ல, இழப்பு. ஆகவே நுண்ணுயிர் எவ்வளவு துடிக்கிறது என்று மட்டும் பார்த்தால் போதாது. எதைத் தின்கிறது, தின்றதற்கு ஈடாக வருவது உண்டா என்றும் பார்க்க வேண்டும். நம் தோட்டம் மேட்டு நிலம். அதைப் பற்றியே மேலே பேசுகிறேன்.

இப்போது கூலிக்கு வருகிறேன். எல்லோரும் நிமிர்ந்து உட்காருவதைக் காண்கிறேன்.

நம் மருந்தடிப்புப் பெண்களுக்கு எக்டேர் கணக்கில் கூலி. எவ்வளவு பரப்பு மொட்டையாகிறதோ அவ்வளவு காசு. மேலாள் வந்து பார்க்கும்போது ஒரு பச்சை தெரிந்தால் வேலை சரியில்லை என்று வெட்டு. இந்த அளவுகோலே மண்ணுக்கு எதிரானது. பாரக்குவாட் மருந்தை நம் நாடு 2002-இல் தடுக்கப் போய், 2006-இல் மறுபடி அனுமதித்து, 2020 ஜனவரி முதல் முழுவதுமாகத் தடை செய்தது. அந்த மருந்தால் நகம் கழன்றவர்களும் மூக்கில் இரத்தம் வந்தவர்களும் நம் கூட்டத்திலேயே இருக்கிறார்கள். இன்று வேறு மருந்துகள் பம்பில் இருக்கின்றன. அவை மண்ணின் நுண்ணுயிர்களை நேராகக் கொல்கின்றனவா என்பதில் ஆராய்ச்சிகள் ஒரே குரலில் பேசுவதில்லை. ஆனால் தரை மொட்டையானால் உணவு நிற்கிறது, மழை நேராக அடிக்கிறது, மண் ஓடுகிறது என்பதில் யாருக்கும் ஐயமில்லை. மருந்தின் பெயர் மாறியது. துடைத்த கூடம் மாறவில்லை.

எனவே மருந்தடிப்பைக் குறை என்று கேட்டுவிடலாமா? கேட்டுவிட்டு வீட்டுக்குப் போனால், அடுத்த மாதம் அந்தப் பெண்களின் சம்பளம் குறையும். மரவட்டமும் பாதையும் மட்டும் அடித்தால் எக்டேர் கணக்கு பாதியாகிவிடும். மண்ணைக் காக்கும் செலவை மருந்தடிப்புக்காரியின் மடியிலிருந்து எடுப்பதற்கு இந்தச் சங்கம் சம்மதிக்காது, சம்மதிக்கவும் கூடாது. ஆகவே அளவுகோலை மாற்ற வேண்டும் என்று கேட்போம். மரவட்டத்துக்கு எண்ணிக்கைக் கூலி. இடைநிலத்தில் லாலாங்கையும் மிக்கானியாவையும் மட்டும் தேடிப் பிடித்து அடிப்பதற்கும், மரத்தில் ஏறும் கொடியைக் கையால் இறக்கிவிடுவதற்கும் நாள்கூலி. தேடி அடிப்பது குருட்டுத்தனமாக அடிப்பதைவிடக் கண்ணும் அறிவும் வேண்டிய வேலை. அதற்குக் கூலி குறைவாக இருக்க நியாயமில்லை. 2025 பிப்ரவரி முதல் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி. எந்தக் கணக்கில் அளந்தாலும் அதற்குக் கீழே எவரும் இறங்கக் கூடாது.

கொடிப்பயிர் என்றதும் வெட்டுக்காரர்கள் சிலர் முகம் சுளிப்பதும் எனக்குத் தெரியும். பாம்பு ஒளியும், குழி தெரியாது, விடியற்காலையில் இடுப்பு வரை நனையும். அவர்கள் சொல்வது பொய்யல்ல. முக்குனா விட்டால் ஒரு வாரத்தில் பாதையை விழுங்கிவிடும். அதனால்தான் பாதை வெட்டும் வேலையையும் தனி வேலையாக எழுதி, அதற்கு ஆளும் கூலியும் ஒதுக்க வேண்டும் என்கிறேன். முழங்கால் வரை காலணியும் கேட்க வேண்டும். வெட்டுக்காரனே தன் நேரத்தில் பாதை வெட்டிக்கொள்ளட்டும் என்று நிர்வாகம் சொன்னால், அது கொடிப்பயிர் அல்ல, கூடுதல் வேலை.

நிர்வாகத்தின் வாதத்தையும் முன்கூட்டியே அறிந்து வைப்பது நல்லது. கொடி விதை விலை அதிகம், முதல் ஆண்டு செலவு கூடும் என்பார்கள். கூடும்தான். ஆறரை மூட்டை யூரியாவின் விலையைப் பக்கத்தில் வைத்துக் கணக்குப் போடச் சொல்லுங்கள். வேண்டுமானால் அந்தக் கணக்கை நானே இரவோடிரவாக எழுதித் தருகிறேன், இலவசமாக. இன்னொன்றையும் கேளுங்கள்: மரத்தைச் சாய்த்த பின் புல்டோசர் கட்டைகளை ஒதுக்கும்போது மேல்மண்ணையும் சேர்த்து வழித்துக் கொண்டு போகக் கூடாது. வழித்தால் ஒரே நாளில் போவது, கொடி முப்பது ஆண்டு போராடினாலும் திரும்பாது. மண் அள்ளும் முன் கொடி விதை வந்து ஸ்டோரில் இருக்க வேண்டும்; மழைக்கு முன் தரை மூட வேண்டும்.

இதெல்லாம் கிராணியின் ஏட்டுப் படிப்பு என்று நினைப்பவர்களுக்கு ஒரு சோதனை சொல்கிறேன். காசு செலவில்லை. பழைய பருத்தி வேட்டியை ஒரு முழம் சதுரமாகக் கிழித்துக்கொள்ளுங்கள். நைலான் கலந்தது கூடாது. பருத்தி என்பது நுண்ணுயிருக்குச் சோறு. ஒரு துண்டைக் காட்டோரத்தில், ஒன்றை 1998 ரப்பரின் இலைக்கடியில், ஒன்றைச் செம்பனை மட்டைக் குவியலின் கீழ், ஒன்றை மருந்தடித்த வட்டத்துக்குள், இன்னொன்றைத் திடலில் என்று ஐந்து இடங்களில் ஒரு சாண் ஆழத்தில் புதையுங்கள். பக்கத்தில் ஒரு குச்சி நடுங்கள். நாள் எழுதி வையுங்கள். ஐந்தையும் ஒரே நாளில் புதைத்து ஒரே நாளில் தோண்ட வேண்டும். அப்போதுதான் ஒப்பிட முடியும். எங்கே நுண்ணுயிர் சுறுசுறுப்பாக இருக்கிறதோ அங்கே துணி வலைபோல் கிழிந்திருக்கும். எங்கே அவை பட்டினியோ அங்கே துவைத்துக் கட்டிக்கொள்ளலாம்.

துணிகளை மறுநடவுப் பேச்சுவார்த்தைக்கு எடுத்துப் போக வேண்டும் என்பது என் யோசனை. மேசை மேல் ஐந்து துண்டுத் துணியை வரிசையாக விரித்து வைத்தால் மேலாளருக்கும் நமக்கும் மொழிபெயர்ப்பாளர் தேவையில்லை. செயற்குழு இதை ஏற்றுக்கொண்டால் புதைக்கும் வேலையை நாளையே தொடங்கலாம். கிழித்த துணிகள் இருபத்தைந்து, வாசலருகே பெட்டியில் வைத்திருக்கிறேன். ஆறு வாரம் கழித்துத் தோண்டுவோம். எடுத்துச் செல்பவர்கள் என்னிடம் பெயரும் புதைக்கும் இடமும் சொல்லிவிட்டுப் போங்கள், ஏட்டில் பதிந்துகொள்கிறேன்.